முதலில் எட்டு அசைவு, அப்புறம் ஏடு

சீகோங்கும் (மூச்சோடு சேர்ந்து அசையும் சீன உடற்பயிற்சி) சீன மருத்துவமும் கற்றுக்கொள்ள எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால், காலையில் பல் தேய்த்த கையோடு உங்களால் எங்கே நடந்தே போக முடியும் என்று நான் திருப்பிக் கேட்பேன். வீட்டுக்குப் பக்கத்தில் வாரம் ஒருமுறை நடக்கும் சாதாரண வகுப்புதான் முதல் ஆண்டுக்குச் சரி. வெளிநாட்டிலிருந்து பெரிய ஆசிரியர் வந்து நடத்தும் வாரயிறுதிப் பட்டறை எல்லாம் அதற்கு அப்புறம். இந்த வரிசையை மாற்றிப் போட்டவர்கள் சான்றிதழோடு வீடு திரும்புகிறார்கள். சில மாதம் கழித்துச் செய்து காட்டச் சொன்னால் ஓர் அசைவுகூட உடம்பில் தங்கியிருக்காது.

நான் சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு தோ பாயோவில். இங்கே விடிந்ததும் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் ஒரு கூட்டம் கையை உயர்த்திக்கொண்டு நிற்கும். ஓரத்தில் சின்ன ஒலிபெருக்கி, அதில் சீன இசை, நடுநடுவே அசைவின் பெயர் சொல்லும் ஒரு பெண்குரல். நானும் பின்வரிசையில் போய் நின்றுதான் தொடங்கினேன். சீனம் தெரியாத தமிழ்ப் பெண் ஒருத்தி வந்து நிற்கிறாளே என்று யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சில வாரம் போனதும் ஓர் ஆண்ட்டி வந்து என் முழங்காலைக் காட்டி "டூ லோ லா" என்றார். அவ்வளவு தாழ உட்காராதே என்று அர்த்தம். இன்றுவரை எனக்குக் கிடைத்த உருப்படியான திருத்தங்களில் அதுவும் ஒன்று.

பூங்காக் கூட்டம் இலவசம். ஆனால் அங்கே எல்லோரும் தங்கள் பயிற்சிக்கு வந்தவர்கள், உங்களைத் திருத்துவது அவர்கள் வேலை இல்லை. சமூக மன்ற வகுப்பில் கட்டணம் கட்டுகிறீர்கள், அதனால் ஆசிரியர் உங்களைப் பார்த்தே ஆகவேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்: வகுப்பில் திருத்தம், பூங்காவில் பழக்கம்.

எந்தப் பயிற்சி என்று குழம்ப வேண்டாம், பா துவான் ஜின்னில் தொடங்குங்கள். நின்றபடி செய்யும் எட்டு அசைவுகள். பெயர் சோங் அரச மரபுக் காலத்திலேயே பதிவாகியிருக்கிறது. 2003-இல் சீன அரசின் விளையாட்டுத் துறையைச் சார்ந்த சுகாதாரச் சீகோங் சங்கம் நான்கு தொகுப்புகளை ஒழுங்குபடுத்தி வெளியிட்டது: பா துவான் ஜின், தசைநார்களை நீட்டும் யி ஜின் ஜிங், புலி மான் கரடி குரங்கு பறவை என ஐந்து விலங்குகளைப் பின்பற்றும் வூ சின் ஷி, ஆறு ஒலிகளை மூச்சோடு வெளிவிடும் லியு ஸி ஜுவே. இப்படி ஒழுங்குபடுத்தியதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. தோ பாயோவில் கற்றதை பினாங்கில் மகள் வீட்டுக்குப் போனாலும் அங்குள்ள கூட்டத்தோடு சேர்ந்து செய்யலாம். வரிசை அதேதான். முழுவதும் செய்து முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் போல ஆகும்.

இந்த இடத்தில் ஒரு சின்ன வரலாறு, பிற்பாடு ஏமாறாமல் இருக்க உதவும். "ஐயாயிரம் ஆண்டுப் பழமையான சீகோங்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். உடற்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் பழமையானவை, சந்தேகமே இல்லை. ஹுனான் மாநிலத்தின் சாங்ஷாவில் மாவாங்துய் என்ற இடத்தில், கிமு 168-இல் மூடப்பட்ட கல்லறையைத் தோண்டியபோது பட்டுத்துணியில் வரைந்த ஓர் ஓவியம் கிடைத்தது. அதில் 44 உருவங்கள். ஆண்கள், பெண்கள், வயதானவர்கள் எல்லோரும் குனிந்தும் நிமிர்ந்தும் கையை நீட்டியும் பயிற்சி செய்கிறார்கள். அந்தக் காலத்தில் இதற்குத் தாவோ யின் என்று பெயர். சீகோங் என்ற பெயரில் இதையெல்லாம் ஒரு குடைக்குக் கீழ் கொண்டுவந்து மருத்துவமனை வரை கொண்டுபோனது 1950-களில்தான். ஹெபெய் மாநிலத்தில் லியு குய்ஜென் என்பவர் நடத்திய சிகிச்சை நிலையங்கள் அதற்கு முக்கியக் காரணம். ஆக, அசைவுகளுக்கு வயது அதிகம், பாடத்திட்டத்துக்கு வயது குறைவு. இதைச் சொல்லும் ஆசிரியர் நம்பத்தகுந்தவர்.

சரி, முதல் அசைவைப் பார்ப்போம். இரண்டு கையாலும் வானத்தைத் தாங்குவது. பாதங்கள் தோள் அகலத்தில். அடிவயிற்றுக்கு முன்னால் விரல்களைக் கோத்து, உள்ளங்கை மேலே பார்க்க, நெஞ்சுவரை உயர்த்துங்கள். அங்கே மணிக்கட்டைத் திருப்பி, உள்ளங்கை வானத்தைப் பார்க்கும்படி மேலே தள்ளுங்கள். கண்கள் கையோடு போகட்டும். கை முழுசாக நீண்டதும் முகத்தை நேராக்கி ஒரு கணம் நில்லுங்கள். பிறகு விரல்களைப் பிரித்து, முழங்காலை லேசாகத் தளர்த்தி, இரு கைகளையும் பக்கவாட்டில் இறக்குங்கள். ஏறும்போது மூச்சு உள்ளே, இறங்கும்போது வெளியே. படிக்கச் சுலபம். நின்று பார்த்தால்தான் தெரியும்: கை மேலே போனதும் தோள் காதைத் தொடும், விலா எலும்பு முன்னால் துருத்தும், இடுப்பு வளையும். நமக்கு அது தெரியாது. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குத்தான் தெரியும். வீடியோவைப் பார்த்து மட்டும் கற்பவர்களிடம் நான் பார்க்கும் குறை இதுதான். என் லாவ்ஷி (ஆசிரியர்) இதைத் திருத்த இரண்டு விரலை என் கடைசி விலாவில் வைத்துவிட்டு, கையை உயர்த்தச் சொல்வார். விரலை விலா தள்ளினால் கையை இறக்கிவிட்டு மறுபடியும். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

ஐந்தாவது அசைவு, தலையையும் வாலையும் ஆட்டுவது, எல்லோருக்கும் ஆகாது. குதிரை மேல் உட்கார்வதுபோல் காலை அகட்டித் தாழ்ந்து உடலைச் சுழற்ற வேண்டும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் பாதங்களைக் குறுக்கி, பாதி மட்டும் தாழுங்கள். முழங்கால் எப்போதும் கால்விரல் நோக்கும் திசையிலேயே இருக்கட்டும். கழுத்து எலும்பில் பிரச்சினை, தலைசுற்றல் இருந்தால் தலைச் சுழற்சியை விட்டுவிடுங்கள். ஆறாவதில் குனிந்து பாதத்தைத் தொட வேண்டும். ரத்த அழுத்தம் கூடுதலாக உள்ளவர்கள் முழங்காலோடு நிறுத்திக்கொள்ளலாம். கடைசி அசைவில் குதிகாலை உயர்த்தித் தரையில் ஏழு முறை இறக்க வேண்டும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் தட்டென்று போடாமல் மெதுவாக இறக்குவது நல்லது. இதையெல்லாம் முதல் வகுப்பிலேயே கேட்டறியும் ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆசிரியரிடம் நீங்களும் கேளுங்கள். யாரிடம் கற்றீர்கள், எவ்வளவு காலம், இன்னும் அவரிடம் போகிறீர்களா? இப்படிக் கேட்டால் கோபப்படுபவரை நான் அதிகம் சந்தித்ததில்லை. பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு தங்கள் ஆசிரியரின் கதையை ஆரம்பித்துவிடுவார்கள், நிறுத்துவதுதான் கஷ்டம். அடுத்த கேள்வி முக்கியம்: எனக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரையை என்ன செய்ய? "மருத்துவரைக் கேள்" என்றால் உட்காருங்கள். "மூன்று மாதத்தில் மாத்திரையே வேண்டாம்" என்றால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஒருமுறை ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன், யார் நடத்தியது என்பது வேண்டாம். மேடையில் நின்றவர் உள்ளங்கையைக் காட்டி எங்களுக்குச் சீ என்ற உயிராற்றலை அனுப்புவதாகச் சொன்னார். முன்வரிசையில் இருவர் ஆடினார்கள், ஒருவர் அழுதார். 1980-களில் சீனாவில் சீகோங் மோகம் உச்சத்தில் இருந்தபோது பெரிய அரங்குகளில் இதுவே ஆயிரக்கணக்கானோர் முன்னால் நடந்தது. தீவிர மூச்சு அடக்கலாலும் கற்பனைப் பயிற்சியாலும் மனம் கலங்கியவர்களைச் சீன மனநல மருத்துவர்கள் அப்போது பார்த்து எழுதியிருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 1994 கையேட்டில்கூட அது தனிப் பெயரோடு இடம்பெற்றது. மனச்சிதைவு போன்ற நோய் முன்பு வந்தவர்கள் கண்மூடிச் செய்யும் நீண்ட தியான வகைகளைத் தவிர்த்து, கண் திறந்து அசையும் பயிற்சிகளோடு நிற்பது நல்லது. மற்றவர்களுக்கும் சொல்வேன்: மூச்சை அடக்கச் சொல்லும் தொடக்க வகுப்பு வேண்டாம்.

இனி மருத்துவம்.

இங்கே இரண்டு வகுப்பு விளம்பரங்களைப் பார்ப்பீர்கள், ஒன்று பாரம்பரியச் சீன மருத்துவம், மற்றது செவ்வியல் சீன மருத்துவம். 1956-இல் பெய்ஜிங், ஷாங்ஹாய், குவாங்ஜோ, செங்டு ஆகிய நகரங்களில் சீன அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தது. பல மரபுகளாகச் சிதறிக் கிடந்த மருத்துவத்தை ஒரே பாடநூலுக்குள் அடக்கியது அதற்குப் பிறகுதான். முதல் பெயரில் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் இந்த வழி. செவ்வியல் என்பவர்கள் பாடநூலைத் தள்ளிவைத்துவிட்டு ஹான் அரச மரபுக் காலத்துப் பழைய நூல்களுக்குத் திரும்பச் சொல்கிறார்கள்: சீனப் புராணத்து மஞ்சள் பேரரசரும் அவருடைய மருத்துவர் சீபோவும் கேள்வி பதிலாகப் பேசும் ஹுவாங் தி நெய் ஜிங், ஜாங் ஜோங்ஜிங் எழுதிய ஷாங் ஹான் லுன். என் அபிப்பிராயம், அடிப்படைகளைப் பாடநூல் வழியில் கற்றுவிட்டு ஏட்டுக்குப் போவதே நல்லது. நேரே ஏட்டில் குதித்தவர்கள் வார்த்தைக்கு வார்த்தை தத்துவம் பேசுகிறார்கள், காய்ச்சல்காரரின் நாக்கைப் பார்க்கத் தெரிவதில்லை.

மருத்துவராக வேண்டும் என்றால் வாரயிறுதி வகுப்பு வழியே இல்லை. சிங்கப்பூரில் பாரம்பரியச் சீன மருத்துவர்களுக்கான சட்டம் 2000-இல் வந்தது. பதிவு செய்யாதவர் மருத்துவம் பார்க்கவோ அக்குபங்சர் ஊசி குத்தவோ முடியாது. பதிவேடு இணையத்தில் இருக்கிறது, உங்கள் ஆசிரியர் பெயரை அதில் தேடிப்பாருங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மலேசியாவிலும் 2016 முதல் இதற்கென்று சட்டம் உண்டு. முறையான படிப்புக்கு இங்கே சுங் ஹ்வா மருத்துவ நிலையத்தை நடத்தும் சங்கத்தின் கல்லூரி இருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2005-இல் பெய்ஜிங் சீன மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பட்டப்படிப்பைத் தொடங்கியது. இவற்றுக்கு மாண்டரின் நன்றாக வாசிக்கத் தெரியவேண்டும். இரண்டு நாளில் ஊசி குத்தக் கற்றுத்தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த ஊசியை முதலில் யார் மேல் குத்தப்போகிறீர்கள் என்று யோசியுங்கள்.

அப்படியானால் என்னைப் போன்றவர்கள் எதற்குப் படிக்க வேண்டும்? தன் உடம்பைப் பார்க்கவும், மருத்துவர் சொல்வது விளங்கவும், பழைய நூல் ஒன்றை வாசிக்கும் சுகத்துக்காகவும். அது போதுமான காரணம்தான்.

நல்ல பட்டறை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மருந்தைச் சொல்கிறேன். ஷாங் ஹான் லுன்னின் புகழ்பெற்ற கஷாயம் குய் ஜி தாங். ஐந்தே சரக்கு: லவங்கப்பட்டை இனத்தின் இளங்கிளை, வெண் பியோனி வேர், அதிமதுரம், பச்சை இஞ்சி, கடைகளில் ரெட் டேட்ஸ் என்று விற்கும் சீன இலந்தை பன்னிரண்டு. ஏழு அளவு நீரை மெல்லிய தீயில் மூன்றளவாக வற்றவைத்து, ஒரு அளவு குடிக்க வேண்டும். அதோடு முடியவில்லை. குடித்த சற்று நேரத்தில் சூடான, நீர்த்த கஞ்சி ஒரு கிண்ணத்துக்குச் சற்று மேலாகக் குடிக்க வேண்டும். போர்த்திக்கொண்டு இரண்டு மணி நேரம் போலப் படுக்க வேண்டும். உடம்பு முழுதும் லேசாக வியர்க்கலாம், தண்ணீர் ஓடுவதுபோல் வியர்க்கக் கூடாது. ஒரு வேளையிலேயே குணமானால் மிச்சத்தைக் குடிக்காதே. பச்சையாகவும் குளிர்ச்சியாகவும் உள்ளது, பிசுபிசுப்பானது, இறைச்சி, நூடுல்ஸ், ஐந்து காரப்பொருள், மது, பால்பொருள், கெட்ட வாடை வீசுவது எல்லாம் தள்ளு. நம் வீட்டுப் பாட்டிகள் பத்தியம் சொல்லும் அதே குரல். இத்தனையும் ஏறக்குறைய 1800 ஆண்டுக்கு முன் எழுதியது.

நான் போன ஒரு வகுப்பில் ஆசிரியர் அரை நாள் முழுக்க இந்த ஒரு மருந்தையே எடுத்துக்கொண்டார். காய்ச்சல், தலைவலி, காற்றுப் பட்டால் கூசுகிறது, கூடவே வியர்க்கிறது, நாடி மேலே மிதக்கிறது. இதற்குத்தான் குய் ஜி தாங். காய்ச்சலும் குளிரும் உடல்வலியும் இருந்து வியர்வையே இல்லை என்றால் வேறொன்று, மா ஹுவாங் தாங். ஒரே அறிகுறி இருக்கிறதா இல்லையா என்பதில் மருந்து மாறிவிடுகிறது. கஷாயத்தைக் கொதிக்கவைத்து எல்லோருக்கும் ஒரு வாய் கொடுத்தார், இனிப்பும் உறைப்புமாக இருந்தது. ஒரு நாளில் ஐம்பது மருந்தைக் காட்டும் பட்டறையைவிட இதற்குக் கொடுக்கும் காசு வீண்போகாது.

மருந்தகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் இந்தப் பகுதியில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். வகுப்பில் கற்ற மூலிகையை வீட்டில் உள்ளவர்களுக்குக் கொதிக்கவைத்துக் கொடுக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு, தாங் குவெய், தான் ஷென் என்ற மூலிகை வேர்கள் அதோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். தாங் குவெய் இங்கே கோழி சூப்பில் சாதாரணமாகப் போடுவது, அதனால் மருந்து என்றே யாரும் நினைப்பதில்லை. அதிமதுரம் நாள்கணக்கில் போனால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். மா ஹுவாங் மூலிகையில் எஃபெட்ரின் இருக்கிறது, இதய நோயாளிகள் கிட்டே போகக் கூடாது. ஹுவாங் லியன் என்ற மூலிகையில் உள்ள பெர்பரின், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலையை மோசமாக்கும் என்ற கவலையால்தான் சிங்கப்பூரில் 1978-இல் அதைத் தடை செய்தார்கள், பிற்பாடுதான் தளர்த்தினார்கள். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கும் சிகிச்சைக்குப் போன நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. ஃபாங் ஜி என்று பெயர் முடியும் இரண்டு சரக்குகளில் ஒன்றுக்குப் பதில் மற்றது, சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டலோக்கிக் அமிலம் உள்ளது, கலந்துவிட்டது. பெயர் ஒத்திருந்தால் போதாது, எந்தச் செடி என்று தெரிய வேண்டும்.

தமிழர்கள் இந்த வகுப்புகளுக்கு வந்தால் முதல் நாளே செய்யும் ஒரு காரியம் உண்டு: சீனத்து ஐந்தைப் பஞ்சபூதத்தோடு பொருத்திப் பார்ப்பது. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். நமக்கு நிலம், நீர், தீ, காற்று, வெளி. மூன்று ஒத்துப்போகிறதே என்று மகிழ்ந்துவிடுவோம். பஞ்சபூதம் பொருள்கள் எவற்றால் ஆனவை என்று சொல்கிறது. சீனத்து ஐந்து ஒன்று மற்றொன்றாக மாறும் ஓட்டம்: மரம் நெருப்பை வளர்க்கும், நெருப்பு சாம்பலாகி மண்ணாகும், நீர் நெருப்பை அடக்கும். உறுப்புகளையும் பருவங்களையும் அந்த ஓட்டத்தில்தான் வைத்திருக்கிறார்கள். நாடியும் அப்படியே. சித்த மருத்துவர் மூன்று விரலில் வாதம், பித்தம், கபம் பார்ப்பார். சீன முறையில் அதே மூன்று விரல் இரண்டு கையிலும் வைத்து, இடது கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம், வலது கையில் நுரையீரல், மண்ணீரல், மிங் மென் (உயிர் வாயில்) என்று பிரிக்கிறார்கள். முதல் ஆண்டு இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். ஒப்பிட நிறைய நேரம் இருக்கிறது.

நாடி கற்க ஒரே வழி, நிறையக் கைகளைப் பிடிப்பது. மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் துருத்தும் எலும்புக்கு நேரே நடுவிரலை வையுங்கள், முன்னால் ஆள்காட்டி விரல், பின்னால் மோதிர விரல். முதலில் லேசாகத் தொட்டு, பிறகு சற்று அழுத்தி, பிறகு ஆழமாக. தொடக்கத்தில் மிதக்கிறதா ஆழத்தில் இருக்கிறதா, வேகமா மெதுவா என்ற நான்கைப் பிரித்தறிந்தால் போதும். 27 வகை நாடிகளைச் சீன மருத்துவர் லி ஷிஜென் 1564-இல் பாட்டாக எழுதி வைத்திருக்கிறார், அதை இப்போதே மனப்பாடம் செய்து பயனில்லை. ஒவ்வொரு நாளும் வீட்டில் யாராவது ஒருவரின் கையைப் பிடித்து, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் என்ன மாற்றம் என்று எழுதிவையுங்கள். எங்கள் வீட்டில் என் கணவர் நான் பக்கத்தில் உட்கார்ந்தாலே கையை நீட்டிவிடுவார்.

ஊசி குத்தும், விரலால் அழுத்தும் புள்ளிகளில் ஸு சான் லி ஒன்றை முதலில் கண்டுபிடியுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கக் குழியிலிருந்து நான்கு விரல் கீழே, கீழ்க்காலின் முன்பக்க எலும்பு விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. விரல் என்றால் யாருக்குப் பார்க்கிறீர்களோ அவர் விரல், உங்கள் விரல் அல்ல. சரியான இடத்தில் அழுத்தினால் கனமான ஒரு வலி பாதம்வரை இறங்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள ஹே குவை கர்ப்பிணிகளுக்கு அழுத்தக் கூடாது என்பது வழக்கம்.

வகுப்புக்குப் போகுமுன் ஒரு மருத்துவ நிலையத்தைப் பார்த்துவிட்டு வருவதும் நல்லது. சிங்கப்பூரில் தொங் சாய் மருத்துவ நிலையம் 1867 முதல் இனம், மதம் பாராமல் ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்க்கிறது. அங்கே ஒரு சின்ன உபாதைக்குப் போய், மருத்துவர் என்ன கேட்கிறார், நாக்கை எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்று கவனித்தால் வகுப்பில் பாதி விளங்கும்.

பட்டறைக்கு எப்போது போகலாம்? பா துவான் ஜின்னை இசை இல்லாமல், எதிரே ஆள் இல்லாமல், நீங்களே செய்ய முடிந்த பிறகு. அப்போதும் ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்ட பட்டறையாகப் பாருங்கள். நீங்களாகவே பயிற்சியில் மாட்டிக்கொண்ட இரண்டு மூன்று கேள்விகளோடு போங்கள். அன்றிரவே குறிப்புகளை எழுதிவிடுங்கள், மறுநாள் காலைக்கு விட்டால் கையின் திசை மறந்துவிடும். மருந்துப் பெயர்களையும் புள்ளிப் பெயர்களையும் சீன எழுத்தோடு தாளில் கேட்டு வாங்குங்கள், காதால் கேட்டதைத் தமிழில் எழுதிவைத்தால் ஆளுக்கு ஒரு பெயர்தான் கிடைக்கும்.

உடைக்கு எதுவும் வாங்க வேண்டாம். தட்டையான அடியுள்ள துணிக்காலணியும் இடுப்பில் இறுக்காத காற்சட்டையும் போதும். பட்டு உடை அழகுதான், ஆனால் இங்கே காலை ஏழு மணிக்கே முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.